பனகுடிப் பக்கத்துப் பிளாஸ்மா கேள்விகள்: ஹால் த்ரஸ்டர் சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

பனகுடியில் வளர்ந்தவனுக்கு ராக்கெட் என்றால் முதலில் சத்தம்தான். மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நடக்கிற நாளில் மலைப்பக்கமிருந்து ஓர் உறுமல் வரும். என் பெரியம்மா பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "இன்னைக்குப் பத்த வச்சுட்டானுவ" என்பாள். நான் பார்க்கிற வேலைக்குச் சத்தமே கிடையாது. ஹால் த்ரஸ்டர் என்பது செயற்கைக்கோளைத் தள்ளும் ஒரு மின் உந்துகருவி. அதற்குள் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்த வாயு, எப்படி ஓடுகிறது என்று கணினியில் நடத்திப் பார்க்கிறேன். அதுதான் சிமுலேஷன். கணினித் திரையில் சில கோடி புள்ளிகள் நகர்கின்றன, அவ்வளவுதான். அதனாலேயே டீக்கடையிலும் வகுப்பிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மகேந்திரகிரியில் பண்ணுகிறதும் நீங்கள் பண்ணுகிறதும் ஒன்றுதானா?

இல்லை. மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம் திரவ எஞ்சின், கிரையோஜெனிக் எஞ்சின் இவற்றைச் சோதிக்கிற இடம். விகாஸ் எஞ்சின் ஒன்று தருகிற உந்துவிசை சுமார் 80 டன். மின் உந்துகருவி முற்றிலும் வேறு வகை. அதில் எதுவும் எரிவதில்லை. இஸ்ரோவில் அதைச் செய்வது திரவ உந்துவிசை அமைப்புகள் மையம். 2017 மே 5 அன்று ஏவிய ஜிசாட்-9 செயற்கைக்கோளில் செனான் வாயுவில் இயங்கும் மின் உந்துகருவிகள் இருந்தன. 2025 மார்ச்சில், 300 மில்லிநியூட்டன் த்ரஸ்டர் ஒன்று 1000 மணி நேர ஆயுள் சோதனையை முடித்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 5.4 கிலோவாட்.

300 மில்லிநியூட்டன் எவ்வளவு என்று தெரிய, நாலு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் அடுக்கிப் பாருங்கள். அந்த எடைதான்.

நான் இஸ்ரோக்காரன் இல்லை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். சிமுலேஷன் ராத்திரி வேலை.

"நாலு நாணய வெயிட்ட வச்சு என்னத்தல தள்ளப் போற?"

இது மாமா கேட்டது. நியாயமான கேள்வி. தரையிலிருந்து எதையும் தூக்க முடியாது. மேலே போன பிறகு காற்றும் இல்லை, உராய்வும் இல்லை. அங்கே மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

லாபம் எரிபொருளில் இருக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்று வடக்கு தெற்காக நகர்ந்துவிடாமல் பிடித்து வைக்க வருஷத்துக்குச் சுமார் 50 மீட்டர்/நொடி திசைவேக மாற்றம் வேண்டும். 15 வருஷத்துக்கு 750. செயற்கைக்கோளின் எடை 3000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதி எரிபொருள் நொடிக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 660 கிலோ எரிபொருள் தீரும். ஹால் த்ரஸ்டரில் பயனுறு வேகம் நொடிக்கு 16 கிலோமீட்டர் என்று எடுத்தால் 137 கிலோ செனான் போதும். மிச்சமாகிற அரை டன்னில் கூடுதல் டிரான்ஸ்பாண்டர் (சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) ஏற்றலாம், அல்லது சின்ன ராக்கெட்டே போதும் என்று விடலாம்.

2010 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் ஏஇஹெச்எஃப்-1 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. அதன் பெரிய எஞ்சின் வேலை செய்யவில்லை. சின்ன ஹைட்ரசின் உந்திகளாலும் ஹால் த்ரஸ்டராலும் அதைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2011 அக்டோபரில் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "மாட்டு வண்டில தென்காசிக்குப் போன மாதிரி" என்றார். போய்ச் சேர்ந்தது அல்லவா?

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு வளைய வடிவப் பள்ளம். சேனல் என்று சொல்வோம். அதன் அடியில் ஆனோடு (நேர்முனை), வாயிலுக்கு வெளியே கேத்தோடு (எதிர்முனை). இடையில் 300 வோல்ட். அடியிலிருந்து செனான் வாயு கசிந்து வருகிறது. இந்த ஏற்பாட்டில் உள்ள சூட்சுமம் காந்தப்புலம். பள்ளத்தின் குறுக்கே, உள்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு, 200 காஸ் (காந்தப்புலத்தின் அலகு) அளவில் ஒரு புலம்.

கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் ஆனோடுக்கு ஓடி வரப் பார்க்கும். காந்தப்புலம் அவற்றை மடக்கிச் சுழற்றிவிடும். 20 எலக்ட்ரான் வோல்ட் (பிளாஸ்மாக்காரர்கள் ஆற்றலையும் வெப்பநிலையையும் அளக்கும் அலகு) வெப்பநிலையில் உள்ள எலக்ட்ரானின் சுழல் ஆரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே அது உள்ளே வர முடியாமல் வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். அந்த ஓட்டந்தான் ஹால் மின்னோட்டம். நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகம், ஒரு மைக்ரோ நொடிக்குள் மூன்று நான்கு சுற்று. ஓடுகிற வழியில் செனான் அணுக்களை மோதி அயனியாக்கும். செனானை அயனியாக்க 12.1 எலக்ட்ரான் வோல்ட் போதும்.

அயனியோ கனம். அதே காந்தப்புலத்தில் 300 வோல்ட்டுக்கு முடுக்கப்பட்ட செனான் அயனியின் சுழல் ஆரம் ஒன்றரை மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பள்ளத்தின் நீளமே 25 மில்லிமீட்டர். அதனால் காந்தம் இருப்பதையே கவனிக்காமல் மின்புலத்தின் வழியே நேராக வெளியே பாய்கிறது, நொடிக்கு 21 கிலோமீட்டர். பொடியன்கள் ரத வீதியைச் சுற்றிச் சுற்றி ஓட, கனத்த ஆள் ஒருவர் நேரே நடந்து வாசலைத் தாண்டிப் போவது போல.

இந்த வடிவம் 1960களில் சோவியத் நாட்டில் அலெக்ஸி மோரோசோவின் குழு உருவாக்கியது. மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றில் 1972இல் விண்ணில் முதன்முதலாக இயங்கியது. இந்தப் பக்கத்தில் சேனலைப் பற்றி நான் சொல்கிற அளவுகள் எல்லாம் அந்தக் குடும்பத்தில் பிரபலமான எஸ்பிடி-100இன் அளவுகள்: வெளிவிட்டம் 100 மில்லிமீட்டர், உள்விட்டம் 70, மின்திறன் 1.35 கிலோவாட், உந்துவிசை 80 மில்லிநியூட்டனைச் சுற்றி.

செய்து, ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. சிமுலேஷன் எதற்கு?

10,000 மணி நேரம் ஓட வேண்டிய கருவியை ஓட்டிப் பார்ப்பதென்றால் வெற்றிடக் கலத்தில் 14 மாதம். நடுவில் வடிவத்தை மாற்றினால் மறுபடி 14 மாதம். அதோடு கலம் என்பது விண்வெளி அல்ல. பம்பு எவ்வளவுதான் இழுத்தாலும் கொஞ்சம் செனான் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். த்ரஸ்டர் அதையும் உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி மதிப்பெண் காட்டும். உள்ளே அளக்கும் கம்பி விட்டுப் பார்க்கலாம் என்றால், விட்ட கம்பியே பிளாஸ்மாவைக் கலைத்துவிடும்.

சிமுலேஷன் சம்பாதித்துக் கொடுத்த ஒரு சம்பவம் உண்டு. பிபிடி-4000 என்ற த்ரஸ்டர், ஏஇஹெச்எஃப்-1ஐக் கரையேற்றிய அதே ரகம். அதைத் தரையில் 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். அயனிகள் மோதி மோதிச் சேனல் சுவர் அரிபட்டுக்கொண்டே வந்தது. ஆனால் சுமார் 5,600 மணி நேரத்துக்குப் பிறகு அரிமானம் ஏறக்குறைய நின்றே போனது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஹால்2டிஇ என்ற தங்கள் நிரலில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். அரிபட்டு அரிபட்டுச் சுவர் ஒரு வடிவத்துக்கு வந்ததும், காந்தப்புலக் கோடுகள் சுவரை உரசாமல் அதை ஒட்டியே வளைந்து போகத் தொடங்கியிருந்தன. ஆகவே சூடான எலக்ட்ரான்கள் சுவருக்கு வருவதில்லை, அயனிகளைச் சுவருக்கு இழுக்கும் மின்னழுத்தமும் இல்லை. பிறகு அதே வடிவத்தை முதல் நாளே கொடுத்து வேறொரு த்ரஸ்டரை மாற்றிச் செய்தார்கள். அரிமானம் நூறு மடங்குக்கும் மேல் குறைந்தது. காந்தக் கவசம் என்று அதற்குப் பெயர். தற்செயலாக வந்ததைக் காரணம் கண்டு கைவசப்படுத்திய வேலை அது. கண்ணால் பார்த்து மட்டும் அந்தக் காரணத்தைப் பிடித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

காற்றாலைக்குப் பயன்படுத்துகிற, காற்றோட்டத்தைக் கணக்கிடும் சிஎஃப்டி மென்பொருளில் இதைப் போட முடியாதா?

மெக்கானிக்கல் பிள்ளைகள் கேட்பது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வருகிற காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை மோதாமல் போகிற தூரம் 70 நானோமீட்டர் அளவுதான். காற்றாலை இறகுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. எனவே காற்றைத் தொடர்ச்சியான பாய்மமாக எடுத்துக்கொண்டு சமன்பாடு எழுதலாம். சேனலுக்குள் இருக்கும் செனான் அணுவுக்கு அந்தத் தூரம் சில சென்டிமீட்டர். சேனலின் அகலம் 15 மில்லிமீட்டர். ஓர் அணு இன்னோர் அணுவைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்த்துவிடும். இங்கே பாய்மம் என்ற சொல்லே தடுமாறுகிறது. ஆகவே துகள் துகளாகத்தான் பின்தொடர வேண்டும்.

அப்படியானால் ஒவ்வொரு எலக்ட்ரானையும் கணக்குப் போடுகிறீர்களா?

சேனலுக்குள் உள்ள எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒரு கோடி கோடி. முடியாது.

பெரியம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பீடிக்கு இவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை, கட்டு கட்டாகத்தான் எண்ணுவார்கள். நாங்களும் அப்படித்தான். பல லட்சம் எலக்ட்ரான்களை ஒரு கட்டாக, ஒரு கூட்டுத்துகளாக எடுத்துக்கொள்வோம். கட்டின் மின்னேற்றமும் நிறையும் ஒரே விகிதத்தில் கூடுவதால், அது ஓடுகிற பாதை ஒற்றை எலக்ட்ரானின் பாதையாகவே இருக்கும்.

முறைக்குப் பார்ட்டிக்கிள்-இன்-செல் என்று பெயர். சுருக்கமாகப் பிக். இடத்தை மாக்கோலப் புள்ளி போலக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். ஒவ்வொரு துகளின் மின்னேற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்போம். புள்ளிகளில் பாய்சான் சமன்பாட்டைத் தீர்த்து மின்னழுத்தத்தைக் கண்டுபிடிப்போம். அதிலிருந்து மின்புலம், அந்தப் புலத்தில் ஒவ்வொரு துகளையும் ஒரு துளி நேரம் நகர்த்தல். காந்தச் சுழற்சியோடு நகர்த்த 1970இல் போரிஸ் சொன்ன வழியையே இன்றும் எல்லாரும் எடுக்கிறோம், அத்தனை உறுதியானது. நகர்த்திய பிறகு பகடை உருட்டல்: இந்த எலக்ட்ரான் செனானை மோதியதா, மோதினால் அயனியாக்கியதா, வெறுமனே கிளர்த்தியதா? அது மான்டி கார்லோ. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

இதை 1950களின் கடைசியிலும் 60களிலும் புனேமன், டாசன், பேர்ட்சால் போன்றவர்கள் ஒற்றைப் பரிமாணத்தில் சில நூறு, சில ஆயிரம் துகள்களோடு தொடங்கினார்கள். இன்று என் லேப்டாப்பில் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு ஓடுகிறது. அப்படியும் போதவில்லை. அதற்குக் காரணம் அடுத்த பதிலில்.

எவ்வளவு நேரம் ஓடும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் பெருமூச்சு விடுவார்கள்.

பிளாஸ்மாவில் மின்னேற்றம் தன்னை மறைத்துக்கொள்ளும் தூரத்துக்கு டெபை நீளம் என்று பெயர். கட்டத்தின் அளவு அதற்குமேல் பெரிதாகப் போகக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு 10¹⁸ எலக்ட்ரான், 20 எலக்ட்ரான் வோல்ட் என்றால் டெபை நீளம் 33 மைக்ரான். 25 மில்லிமீட்டர் நீளத்தையும் 15 மில்லிமீட்டர் அகலத்தையும் இந்த அளவில் வெட்டினால் 3.4 லட்சம் கட்டம். வளையத்தின் சுற்றளவையும் சேர்த்து முப்பரிமாணமாக வெட்டினால் 280 கோடி. கட்டத்துக்கு 100 துகள் வைத்தால் 28,000 கோடித் துகள். அவற்றின் இடத்தையும் வேகத்தையும் எழுதி வைக்க மட்டும் 13 டெராபைட் நினைவகம்.

நேரம் இன்னும் மோசம். அந்த அடர்த்தியில் எலக்ட்ரான்கள் நொடிக்கு 900 கோடி முறை அதிர்கின்றன. அதைத் தவறவிடாமல் பிடிக்க ஒரு தாவலுக்கு 4 பைக்கோ நொடிக்கு (ஒரு பைக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மேல் போக முடியாது. நாம் பார்க்க நினைக்கிற நிகழ்ச்சிகளோ மில்லி நொடிக் கணக்கு. ஒரு மில்லி நொடிக்கு 25 கோடித் தாவல்.

முப்பரிமாணத்தை விடுங்கள். இரு பரிமாணத்தில், 3.4 கோடித் துகளோடு, 16 உள்ளகம் (கோர்) உள்ள கணினியில், உள்ளகம் ஒன்று நொடிக்கு ஒரு கோடித் துகளை நகர்த்தும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மில்லி நொடியை முடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். த்ரஸ்டர் ஓட வேண்டியது 10,000 மணி நேரம்.

பிறகு எப்படித்தான் முடிவுகளை வெளியிடுகிறார்கள்?

கை வைத்துத்தான். எல்லாரும் எங்கேயோ ஓரிடத்தில் கை வைத்திருப்பார்கள். நல்ல ஆய்வுக் கட்டுரை, வைத்த இடத்தைச் சொல்லிவிடும்.

ஒரு வழி, வெற்றிடத்தின் விடுதிறனை, அதாவது மின்விசையின் வலிமையைத் தீர்மானிக்கும் மாறிலியையே, பெரிதாக்கிவிடுவது. நூறு மடங்கு ஆக்கினால் டெபை நீளம் பத்து மடங்கு பெருக்கும், அதிர்வும் பத்து மடங்கு மெதுவாகும். இரு பரிமாணக் கணக்கு ஆயிரம் மடங்கு மலிவு. இயற்கையின் மாறிலியை மாற்றிவிட்டோம் என்பதைத் தவிர வேறு குறை இல்லை! இன்னொரு வழி, செனான் அயனியை லேசாக்கி வேகமாக ஓட வைப்பது. மூன்றாவது, த்ரஸ்டரையே கணக்குக்குள் சின்னதாகச் செய்வது.

மிகவும் புழக்கத்தில் உள்ளது கலப்பு முறை: அயனியும் அணுவும் துகள், எலக்ட்ரான் மட்டும் பாய்மம். 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃபைஃப் எழுதிய எச்பிஹால் அந்த வழியில் வந்தது. எலக்ட்ரானின் பைக்கோ நொடி பற்றிய கவலை போய்விடுவதால் சாதாரணக் கணினியில் முடிகிறது. ஆனால் எலக்ட்ரான் பாய்மத்துக்குக் காந்தப்புலத்தின் குறுக்கே எவ்வளவு நகர்திறன் என்று ஓர் எண்ணை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். வம்பே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அது என்ன எண்? அதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்?

காந்தப்புலம் எலக்ட்ரானைத் தடுக்கும் என்றேன். முழுக்கத் தடுத்தால் மின்னோட்டமே இருக்காது. மோதல்களால் கொஞ்சம் கசியும். மோதலை வைத்து எவ்வளவு கசிய வேண்டும் என்று கணக்கிடலாம். ஆய்வகத்தில் அளந்தால் அதைவிடப் பத்து மடங்கு கசிகிறது. சேனலுக்கு வெளியே சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல். குளத்து மடையை இறுக்க அடைத்தாயிற்று, ஆனாலும் வயல் நிறைய தண்ணீர்!

1940களில் டேவிட் போம் வேறொரு பிளாஸ்மாவில் இதேபோல ஒரு கசிவைப் பார்த்துவிட்டு, 1/16 என்று ஒரு கெழுவை எழுதி வைத்தார். ஹால் த்ரஸ்டர்காரர்களும் அதே உருவத்தை எடுத்துக்கொண்டு, சேனலுக்குள் ஒரு மதிப்பு, வெளியே ஒரு மதிப்பு என்று, அளந்த மின்னோட்டத்தோடு பொருந்துகிறவரை திருகினார்கள். பொருந்தியதும் "சிமுலேஷன் சோதனையோடு ஒத்துப்போகிறது" என்று படம் போட்டார்கள். ஒத்துப்போகத்தானே திருகினோம்?

முழுப் பிக் கணக்குகள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டின. 2004இல் ஆடம், ஹெரோன், லவால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் வளையத்தைச் சுற்றும் திசையையும் கணக்கில் சேர்த்தார்கள். அந்தத் திசையில் மில்லிமீட்டர் அலைநீளத்தில், மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அலைகள் தானாக முளைத்தன. வேகமாகச் சுற்றுகிற எலக்ட்ரான்களுக்கும் சுற்றாத அயனிகளுக்கும் உள்ள வேக வித்தியாசந்தான் அவற்றுக்குத் தீனி. அந்த அலை எலக்ட்ரானைத் தட்டித் தட்டி, மோதலே இல்லாமல், குறுக்கே நகர்த்துகிறது. எலக்ட்ரான் சைக்ளோட்ரான் நகர்வு நிலையின்மை என்று நீளமான பெயர்.

2019இல் ஏழு குழுக்கள், தனித்தனியாக எழுதிய தங்கள் நிரல்களில் ஒரே கணக்கைக் கொடுத்து ஓட்டி ஒப்பிட்டன. விடைகள் நெருக்கமாக ஒத்தன. எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். நிரல்களில் பிழை இல்லை என்ற நம்பிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. அங்கேயும் கை வைத்த இடம் உண்டு: அயனியாக்கம் எங்கே எவ்வளவு நடக்கிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பகடை உருட்டவில்லை. அதை மறைக்கவும் இல்லை. தலைப்பிலிருந்தே அது ஒரு ஒப்பீட்டுக் கணக்குதான்.

மேலே சொன்ன மாறிலித் தில்லுமுல்லு இங்கே எப்படிக் கடிக்கிறது என்று கவனியுங்கள். இந்த அலையின் அலைநீளம் டெபை நீளத்தைப் பொறுத்தது. மலிவாக முடிக்க டெபை நீளத்தைப் பெருக்கினால் அலையும் பெருக்கிறது, கசிவும் மாறுகிறது. எதைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தோமோ அதையே மாற்றிவிட்டு விடை சொல்கிறோம்.

ஆகவே யாராவது அழகான பிளாஸ்மா வீடியோ காட்டினால் நான் கேட்பது ஒன்றுதான்: "எங்க கை வச்சிருக்கிய?"

த்ரஸ்டர் "மூச்சு விடும்" என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ராதாபுரம் பக்கத்துக் கிணறு பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கீழே போய்விடும். நிறுத்திவிட்டு ஊற்று சுரக்கக் காத்திருக்க வேண்டும், பிறகு மறுபடி மோட்டார். சேனலில் ஊற்று என்பது அடியிலிருந்து வருகிற செனான். அது நொடிக்கு 200, 300 மீட்டர் என்று சாவகாசமாக வருகிறது. எலக்ட்ரான்கள் இருக்கிற அணுவையெல்லாம் அயனியாக்கி வெளியே தள்ளிவிட்டு, அடுத்தது வருகிறவரை மங்கிக் கிடக்கும். 25 மில்லிமீட்டரை அந்த வேகத்தில் கடக்க 100 மைக்ரோ நொடி. அதாவது நொடிக்குப் பத்தாயிரம் மூச்சு. அளந்து பார்த்தாலும் 10 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரைதான் வருகிறது. மின்வழங்கி செய்கிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிய தலைவலி.

நீங்கள் செய்ததில் தப்பு வந்ததுண்டா?

வராமல் என்ன. ஒருமுறை கட்டத்தை 0.2 மில்லிமீட்டர் வைத்து ஓட்டினேன், சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம். எலக்ட்ரான் வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. சுவரிலிருந்து தெறிக்கும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்களால் இந்தச் சூடு என்று நானே ஒரு காரணம் கற்பித்து, மூன்று வாரம் அதை வளர்த்தேன். வரைபடமெல்லாம் தயார். கூடப் படித்த சிநேகிதனிடம் காட்டினால், அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "ஏலே, மொத்த ஆற்றலை வரைஞ்சு பாத்தியா?"

பார்த்தேன். எங்கிருந்தும் வராத ஆற்றல் கூடிக்கொண்டே இருந்தது. டெபை நீளத்தைவிடக் கட்டம் ஆறு மடங்கு பெரிது. அப்படி இருந்தால், டெபை நீளம் கட்டத்தின் அளவுக்கு எட்டுகிறவரை பிக் கணக்கு எலக்ட்ரான்களைத் தானே சூடாக்கும். பாடநூலிலேயே இருக்கிற விஷயம். நான் கண்டுபிடித்தது சுவரின் குணத்தை அல்ல, என் அவசரத்தை.

அதிலிருந்து எந்தக் கணக்கையும் நம்புவதற்கு முன் சில சோதனைகள் வைத்திருக்கிறேன். கட்டத்தைப் பாதியாக்கினால் விடை மாறுகிறதா? துகளை இரட்டிப்பாக்கினால்? நேரத் தாவலைக் குறைத்தால்? விடை தெரிந்த சின்னக் கணக்கு ஒன்றை இதே நிரல் சரியாகச் சொல்கிறதா? மாறுகிற விடை விடையே இல்லை.

வெளியே போன பிளாஸ்மாவையும் கணக்கிட வேண்டுமா?

வேண்டும். வேகமான அயனி ஒன்று, அயனியாகாமல் தப்பி வந்த மெதுவான அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போது மெதுவானது அயனியாகிவிட்டது. அதற்கு வேகம் இல்லாததால் சின்ன மின்புலமே அதைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும். அது போய்ச் சூரியத் தகட்டையும் கேமரா லென்சையும் அரிக்கும். இந்தக் கணக்கு சேனல் கணக்கைவிட எளிது, தொழிலுக்கு உடனடியாக உதவுவதும் இதுதான்.

செனான் விலை ஜாஸ்தியாமே. வேறு வாயு?

ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களை முதலில் கிரிப்டானில் ஓட்டினார்கள், 2023இல் ஆர்கானுக்கு மாறினார்கள். லேசான அணு, அயனியாக்கச் செலவும் கூட. நிரலில் மாற வேண்டியது நிறையும் மோதல் குறுக்குவெட்டுத் தரவும் (மோதலுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்கள்) மட்டும். ஆனால் செனானுக்குத் திருகி வைத்த கசிவுக் கெழு ஆர்கானுக்கு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

என்னிடம் ஒரு லேப்டாப் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

த்ரஸ்டரில் தொடங்காதீர்கள். ஒற்றைப் பரிமாணத்தில் இரண்டு எலக்ட்ரான் கற்றைகளை எதிரெதிராக விடுங்கள். பைத்தானில் 150 வரி. துகள்களின் இடத்தையும் வேகத்தையும் வரைந்து பார்த்தால், சற்று நேரத்தில் இரண்டும் முறுக்கிக்கொண்டு கண் கண்ணாகச் சுழி விடும். அதன் வளர்ச்சி வேகத்துக்குக் காகிதத்தில் விடை உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து ஒரு சுவரை வையுங்கள். சுவருக்கு முன்னால் எலக்ட்ரான் விலகி நிற்கும் மெல்லிய உறை உருவாகிறதா என்று பாருங்கள். பிறகு செனான், மான்டி கார்லோ. குறுக்குவெட்டுத் தரவு எல்எக்ஸ்கேட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன்பின் எடிபிக், ஸ்மைலெய், வார்ப்எக்ஸ் போன்ற திறந்த மூல நிரல்களை இறக்கி, அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். சொந்தமாக ஒன்று எழுதாமல் அவற்றைத் திறந்தால் ஒன்றும் புரியாது. எழுதிவிட்டுத் திறந்தால் வெட்கமாக இருக்கும், அது நல்லது.

ஆயிரம் தாவலுக்கு ஒருமுறை நிலையைக் கோப்பில் சேமித்து வையுங்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போய் ஒன்பது நாள் ஓட்டம் போனவன் சொல்கிறேன்.

"இதப் படிச்சா புள்ளைக்கு வேல கெடைக்குமா அண்ணாச்சி?"

காவல்கிணறு பேருந்து நிறுத்தத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். மகள் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இந்த ஒன்றை மட்டும் நம்பினால் இடங்கள் குறைவு என்றுதான் சொன்னேன். இஸ்ரோ இருக்கிறது, திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம், காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். பெங்களூரில் பெல்லாட்ரிக்ஸ் போன்ற புதிய நிறுவனங்கள் ஹால் த்ரஸ்டர் செய்கின்றன. ஆனால் சிப் ஆலைகளில் சிலிக்கானைச் செதுக்குவதும் பிளாஸ்மாதான். அதே உறை, அதே மோதல், ஏறக்குறைய அதே நிரல். வாயுவும் மின்னழுத்தமும் மட்டும் வேறு. என்னிடம் ஆற்றலை வரையச் சொன்ன சிநேகிதன் இப்போது அந்த வேலையில் இருக்கிறான், சம்பளம் என்னைவிடப் பல மடங்கு.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேப்டாப்பு சர்க்காரு குடுத்தது இருக்கு, அது காணுமா?" என்றார்கள். இரண்டு கற்றைக் கணக்குக்குத் தாராளமாகக் காணும்.